சென்னை மேல்தள ஃபிளாட்டுக்கு எத்தனை டன் ஏசி தேவை? 'டன்' என்பது என்ன?

டன் என்பது ஏசியின் எடையன்று. அறையிலிருந்து அது வெப்பத்தை வெளியேற்றும் வேகம். குளிர்ச்சிக்குப் பனிக்கட்டியை நம்பியிருந்த காலத்தில், ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகுவதற்கு இழுக்கும் வெப்பத்தை அமெரிக்கர்கள் ஒரு டன் எனக் கணக்கிட்டனர். அது சுமார் 3.5 கிலோவாட்.

120 சதுர அடி அறைக்கு ஒரு டன் போதும் என்பது கடைக்காரர்களின் வழக்கமான கணக்கு. ஆனால் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறைக்கு அது போதாமல் போகலாம். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளம், அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லைப் போல, இரவு பத்து மணிக்கும் சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். அத்தகைய அறைக்கு 1.5 டன் எடுப்பதே சரி.

அதற்காக 2 டன்னுக்குத் தாவ வேண்டாம். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்களில் காற்றின் ஈரம் படிந்து, பால்கனி வாளியில் சொட்டுகிறது. தேவைக்கு மிகப் பெரிய ஏசி, குறிப்பாக இன்வெர்ட்டர் (தேவைக்கேற்ப ஏசியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) இல்லாதது, அறையைச் சட்டெனக் குளிர்வித்து நின்றுவிடுவதால், ஈரத்தைப் போதிய அளவு இறக்குவதில்லை. சென்னைப் புழுக்கத்தில் அறை சில்லென்றும் பிசுபிசுப்பாகவும் இருக்கும்.

டன்னை மின்செலவு என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் 1.5 டன் ஏசி வெளியேற்றுவது சுமார் 5 கிலோவாட் வெப்பம், அதற்கு இழுக்கும் மின்சாரமோ ஏறத்தாழ 1.5 கிலோவாட்தான்.