தீயணைப்பு வண்டியும் 108-ம் நம் முற்றம் வரை வர: குமரி வாசகர்களின் கேள்விகள்

தீ, விபத்து, பாம்புக்கடி என்று பல ஊர்களிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தீயணைப்புப் பணியில் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

தீ விபத்தில் ஒருவருக்குக் காயமும் ஏற்பட்டால் 101 மட்டும் போதுமா? ஆம்புலன்சும் சேர்ந்து வருமா? (அருமனை)

இரண்டும் வேறு வேறு துறை. தீயணைப்பு, உள்துறையின் கீழ் வருவது. 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரில் சுகாதாரத்துறை கொண்டுவந்த ஏற்பாடு. 101-ஐக் கூப்பிட்டாயிற்று, ஆம்புலன்சும் தானாகக் கிளம்பிவிடும் என்று காத்திருக்காதீர்கள். ஒருவர் 101-ஐயும் இன்னொருவர் 108-ஐயும் அழையுங்கள். தனியாக இருந்தால் 112; போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அது பொது எண். தீயை அணைக்க வருவதற்கோ, 108-ல் ஏற்றிச் செல்வதற்கோ கட்டணம் கிடையாது.

எங்கள் வீடு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, விளைக்குள் (தோப்புக்குள்) இருக்கிறது. வழி சொல்லியே நேரம் போய்விடுகிறது. என்ன செய்வது? (மேல்புறம்)

நம் மாவட்டத்தின் பெரிய சிக்கலே இதுதான். ஆரல்வாய்மொழி தாண்டி திருநெல்வேலிப் பக்கம் போனால் வீடுகள் தெருத்தெருவாகச் சேர்ந்து நிற்கும். இங்கே கல்குளம், விளவங்கோடு பக்கமெல்லாம் தென்னைக்கும் ரப்பருக்கும் நடுவே விளைக்கொரு வீடு. ஒரே பெயரில் நாலைந்து விளை வேறு. நீங்கள் 108-ஐ அழைத்தால் முதலில் எடுப்பவர் சென்னையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறை ஊழியர். 'காட்டுவிளை, சர்ச் பக்கத்துல' என்றால் அவருக்கு என்ன தெரியும்? கன்னியாகுமரி மாவட்டம் என்று தொடங்குங்கள். அடுத்து தாலுகா, பஞ்சாயத்து, மெயின் ரோட்டில் பஸ் நிற்கும் முக்கு, அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று வரிசையாகச் சொல்லுங்கள். களியக்காவிளை போன்ற எல்லையோர ஊர்களில் செல்போன் சில நேரம் கேரள டவரைப் பிடிக்கும். அதனால் தமிழ்நாடு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களாக வைக்கும்வரை போனை வைக்காதீர்கள்.

அப்புறம், ஒரு ஆளை முக்குக்கு அனுப்புங்கள். ஒருமுறை இரவில், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறை ஒன்று பற்றிக்கொண்டது. நாங்கள் போனபோது வளைவில் ஒரு பையன், பள்ளிக்கூட வயசுதான் இருக்கும், ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் தலையில் கட்டும் விளக்கைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டு நின்றான். 'வீடு எங்க மக்களே?' என்று கேட்பதற்குள் வண்டிக்கு முன்னால் ஓட ஆரம்பித்துவிட்டான். அவன் இல்லையென்றால் அந்த முடுக்கை நாங்கள் தாண்டிப் போயிருப்போம். ரப்பர் பற்றினால் கரும்புகை கண்ணை மறைக்கும், தீ சட்டென்று அடங்காது. அன்றைக்கு ஒட்டியிருந்த வீட்டுக்குத் தீ பரவாமல் தடுக்க முடிந்தது.

வழியையும் ஒருதரம் நடந்து பாருங்கள். தாழத் தொங்கும் கேபிள், திருவிழாவுக்குக் கட்டிய வளைவு, முடுக்கின் வாயில் நிற்கும் கார், இதில் எது இருந்தாலும் வண்டி நின்றுவிடும். சாதாரணமாக ஒரு தீயணைப்பு வண்டியில் 4,500 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். முழு வேகத்தில் அடித்தால் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். பக்கத்தில் குளம் இருந்தால், வண்டி அதன் கரை வரை போக வழி உண்டா என்றும் பார்த்து வையுங்கள்.

கிணற்றில் ஆடு விழுந்தால் தீயணைப்புத் துறை வருமா? (திருவட்டார்)

வரும், மீட்பும் அவர்கள் வேலைதான். ஆனால் அவர்கள் வருவதற்குள் யாரும் இறங்கக் கூடாது. மூடிக்கிடந்த கிணற்றில் விஷவாயு தேங்கியிருக்கலாம், பிராணவாயு குறைந்திருக்கலாம். தூர்வார பெட்ரோல் மோட்டாரை உள்ளே இறக்கி ஓட்டினால் அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும், அந்த வாயு வாசனையும் காட்டாது. ஒருவர் மயங்கி விழ, காப்பாற்றப் போன தம்பியும் விழ, அடுத்து மச்சான் இறங்க என்று ஒரே வீட்டில் இரண்டு மூன்று உயிர் போவது இப்படித்தான். விழுந்தவர் நினைவோடு இருந்தால் கயிறு வீசுங்கள், பிடித்துக்கொள்ளச் சொல்லிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். நினைவு இல்லையென்றால், மனசு எவ்வளவு துடித்தாலும் இறங்காதீர்கள். மூச்சுக்கருவி போட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் இறங்க வேண்டும்.

பாம்பு கடித்தால் முதலில் வைத்தியரிடம் போகலாமா? (குலசேகரம்)

வேண்டாம். விஷ வைத்தியர்களுக்கு நம் ஊரில் உள்ள மரியாதை எனக்குத் தெரியும், ஆனாலும் விஷமுறிவு ஊசி இருப்பது ஆஸ்பத்திரியில்தான். கடித்த கை கால் அசையாமல் படுக்க வையுங்கள், மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றுங்கள், 108-ஐ அழையுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. பாம்பைத் தேடி அடித்து நேரத்தை வீணாக்காதீர்கள், எத்தனை மணிக்குக் கடித்தது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும்: கட்டுவிரியன் ராத்திரி தூக்கத்தில் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம், பல் பட்ட தடமும் தெளிவாக இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது என்று வந்தால் வாயு என்று சுக்குக் கஷாயம் போட்டுக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள்.

ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் கோர்ட், கேஸ் என்று அலைய வேண்டுமா? (தக்கலை)

தேவையில்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு உதவி செய்கிறவரைக் காக்கிறது. உங்கள் பெயரைச் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பணம் பற்றியும் பயம் வேண்டாம். 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசே ஏற்கிறது. தலையிலோ முதுகிலோ அடி என்றால் ஆட்டோவில் மடக்கித் திணிக்காதீர்கள், 108 வரட்டும்.

கேஸ் கசிந்தால்? (நாகர்கோவில்)

ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள். சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள். தீ பிடித்துவிட்டால் 101.

கடலுக்குப் போன வள்ளம் திரும்பவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது? (தேங்காய்ப்பட்டணம்)

கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்கு 1093. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது கரையில் நின்ற பெண்கள் பட்ட தவிப்பு இந்த மாவட்டத்துக்கு மறக்காது. நீங்கள் அழைத்ததும் இதையெல்லாம் கேட்பார்கள்: வள்ளத்தின் பெயர், பதிவு எண், என்ன நிறம், எத்தனை பேர், எந்தத் துறையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பியது, கடைசியாக வயர்லெஸில் எந்த இடம் சொன்னார்கள். பதறும்போது இதெல்லாம் வாயில் வராது. கிளம்புகிற அன்றே ஒரு தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கிற அம்மாவோ மனைவியோ அதைப் பார்த்து அப்படியே வாசித்தால் போதும்.