அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜோ கான்ஸ் காசுக்காகத் தோற்றவர்தானே, அவரை ஏன் மாபெரும் வீரர் என்கிறார்கள்?

கேட்டவர் ஒருநாளும் கிளவுஸ் மாட்டியிருக்க மாட்டார் என்று தோன்றுகிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

1900 டிசம்பரில் சிகாகோவில் டெரி மெக்கவர்னிடம் இரண்டாவது ரவுண்டிலேயே விழுந்தாரே, அது நாடகம் என்று அன்றைக்கே ஊர் சிரித்தது. மேனேஜர் விழச் சொன்னால் விழ வேண்டிய நிலையில் இருந்த கறுப்பின வீரர் அவர். உடனே கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள், நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் 1902இல் ஃபிராங்க் எர்னை முதல் ரவுண்டிலேயே சாய்த்து லைட்வெயிட் உலக சாம்பியன் ஆனாரே, முதல் கறுப்பின ஹெவிவெயிட் உலக சாம்பியன் ஜாக் ஜான்சனுக்கு ஆறு வருடம் முன்னால், அதை ஏன் யாரும் கேட்பதில்லை?

நானும் 60 கிலோ பிரிவில் இறங்கியவன், ஏறக்குறைய கான்ஸின் அதே எடை. மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள் தண்ணீர் குடிக்காமல், இரண்டு ஸ்வெட்டர் போட்டு மொட்டை மாடியில் ஸ்கிப்பிங், அப்புறம் புளிப்பு மிட்டாயை வாயில் ஒதுக்கி எச்சிலைத் துப்பித் துப்பி எடையை இறக்கினேன். காலையில் சரியாக இருந்தது. எடை போட்டவர், "இந்த மெஷின் சரியில்லை, அதில் ஏறு" என்றார். அதில் எடை கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. துண்டை மறைப்பாகப் பிடிக்கச் சொல்லி ஜட்டியையும் கழற்றிவிட்டு ஏறினேன், தேறினேன். எதிராளிப் பையனை ஒரே தடவைதான் ஏற்றினார்கள், அவன் யார் வீட்டுப் பையன் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மதியம் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, இரண்டாவது ரவுண்டில் கை மேலே எழவில்லை. கலந்துகொண்டதற்கான சர்டிஃபிகேட்கூட இன்று வரை தரவில்லை, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் விண்ணப்பிக்க முடியாமல் போனது தனிக்கதை.

இப்போது 1906 செப்டம்பர் 3ஐப் பாருங்கள். நெவாடா பாலைவனத்தில் கோல்ட்ஃபீல்டு என்ற தங்கச் சுரங்க ஊர். சண்டை நாளிலேயே கான்ஸை மூன்று தடவை எடை போட வைத்தார் எதிராளி பேட்லிங் நெல்சனின் மேனேஜர், அதுவும் ரிங்கில் போடும் உடுப்போடு 133 பவுண்டுக்குள், அதாவது ஏறக்குறைய 60 கிலோவுக்குள், நிற்க வேண்டும். சாம்பியனுக்கு 11,000 டாலர், சவால் விட்டவருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த வெயிலில், நடுவில் கை வேறு உடைந்து, 42 ரவுண்டு நின்றார் மனுஷன்! கடைசியில் நெல்சன் இடுப்புக்குக் கீழே குத்த, அது விதிமீறல் என்று ரெஃபரி கான்ஸுக்கு வெற்றி கொடுத்தார்.

1908இல் அதே நெல்சனிடம் இரண்டு முறை தோற்றார். இரண்டே வருடத்தில் காசநோயில் செத்தும் போனார். அந்தத் தோல்விகளையும் காசு வாங்கிய கணக்கில் எழுதிவிடாதீர்கள்.