வீட்டு வானிலை நிலையம்: திரையைப் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி: மழை, வெயில், காற்று எல்லாவற்றையும் வீட்டிலேயே அளந்து குறித்துவைக்க ஆசை. செலவு அதிகம் ஆகக் கூடாது. எல்லா சென்சாரும் ஒரே கம்பத்தில் சேர்ந்து வரும் கருவியை வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் அதை எங்கே மாட்டப் போகிறீர்கள்? காற்றுமானி உயரத்தில், திறந்த வெளியில் இருக்க வேண்டும். அதற்கான தர அளவு 10 மீட்டர். வெப்பமானிக்கோ தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் போதும். மழைமானியை மேலே கொண்டுபோனால், காற்று துளிகளைப் புனலுக்கு அப்பால் தள்ளிவிடும். மழை குறைவாகப் பதிவாகும். மூன்றும் ஒரே கம்பத்தில் என்றால் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். அதனால் சென்சார்கள் தனித்தனியாக வரும் வகை கிடைத்தால் அதையே எடுங்கள். முதலில் வெப்பமும் மழையும் போதும். காற்றை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று பழுதானாலும் அதை மட்டும் மாற்றினால் சரி.

பலர் கலர் திரையில் மயங்குகிறார்கள். நான் முதலில் பார்ப்பது வெப்பமானியின் கவசத்தைத்தான். தட்டுகளை அடுக்கியதுபோல் வெள்ளையாக இருக்கும் அந்த உறை, வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும். அது சரியில்லை என்றால் எவ்வளவு துல்லியமான சென்சாரும் காற்றின் வெப்பத்தைச் சொல்லாது, சூடேறிய பிளாஸ்டிக்கின் வெப்பத்தைத்தான் சொல்லும். இடமும் முக்கியம். என் முதல் வெப்பமானியை ஏசியின் வெளி யூனிட்டுக்கு மேலே மாட்டிவிட்டு, ஒரு வாரம் எங்கள் வீட்டில் மட்டும் அனல் அடிப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். சுவர், கான்கிரீட் தளம் இரண்டிலிருந்தும் தள்ளியே வையுங்கள்.

மழைமானியில் பெரும்பாலும் சின்னத் தொட்டில் ஒன்று நிரம்பி நிரம்பிக் கவிழும். ஒரு கவிழ்ப்புக்கு 0.2 அல்லது 0.3 மி.மீ. என்று கணக்கு. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். புனல் வாயின் விட்டம் 16 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 201 சதுர செ.மீ.; அப்படியானால் 200 மி.லி. தண்ணீர் கிட்டத்தட்ட 10 மி.மீ. மழைக்குச் சமம். அடியில் ஊசித்துளை போட்ட ஒரு கோப்பை வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வேகமாக ஊற்றினால் தொட்டிலுக்குக் கவிழ நேரம் போதாமல் கணக்கு குறையும். பெரிய வித்தியாசம் வந்தால், முதலில் தொட்டில் மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். புனலில் இலையும் சிலந்தி வலையும் சேரும். மாதம் ஒருமுறை துடைத்தால் போதும்.

காற்றழுத்தத்துக்குக் கவலை வேண்டாம், சென்சார் வீட்டுக்குள் இருந்தாலே போதும். உங்கள் இடம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதை மட்டும் கருவியில் சரியாகக் கொடுங்கள். கடல்மட்டத்துக்கு அருகில் 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) குறையும். ஈரப்பத சென்சார் காலப்போக்கில் பிசகும், அதுவும் எப்போதும் ஈரமான இடத்தில் சீக்கிரமே.

சென்சாரின் சிக்னல் திரைக்கு எட்டும் தூரம் 100 மீட்டர் என்று பெட்டியில் போட்டிருந்தால் அது திறந்த வெளிக்கான கணக்கு. நடுவே இரண்டு சுவர் வந்தால் வெகுவாகக் குறைந்துவிடும். துளையிட்டுப் பொருத்தும் முன் அங்கிருந்து சிக்னல் வருகிறதா என்று ஒரு நாள் பாருங்கள்.

இன்னொன்று, தரவு உங்கள் கைக்கு வர வேண்டும். நிறுவனத்தின் செயலிக்குள் மட்டும் தங்கும் கருவி என்றால், அவர்கள் சர்வரை மூடும் நாளில் உங்கள் பதிவுகளும் போய்விடும். கோப்பாக இறக்கிக்கொள்ளவோ, வீவெக்ஸ் போன்ற இலவச மென்பொருளோடு இணைக்கவோ முடியுமா என்று வாங்கும் முன்பே பாருங்கள். முடியாது என்றால், திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் அதை வாங்க மாட்டேன்.