படலைச் சத்தம் கேட்டால் நெஞ்சு இடிக்கிறது

கேள்வி: அப்பா கசிப்பு (கள்ளச்சாராயம்) குடிப்பவர். சின்ன வயதில் அவர் வெறியில் வந்தால் தம்பியையும் இழுத்துக்கொண்டு பின்வளவுக்கு ஓடுவேன். இப்போது 28 வயது, கலியாணம் முடித்துத் தனியே இருக்கிறோம். இரவில் படலைச் சத்தம் கேட்டால் இன்றும் நெஞ்சு இடிக்கிறது. கணவர் குரலை உயர்த்தினாலே வாயடைத்துப் போகிறேன். அப்பாவின் கடனையும் நான்தான் கட்டுகிறேன். மீள வழியுண்டா?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: உண்டு. ஆனால் அப்பா குடியை விட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி என்று காத்திருக்காதீர்கள்.

படலை திறக்கும் விதத்தை வைத்தே 'இண்டைக்கு எவ்வளவு வெறி' என்று கணித்துப் பழகிய பிள்ளை நீங்கள். அன்று உங்களையும் தம்பியையும் காப்பாற்றியது அந்தக் கணிப்புத்தான். உடம்பு இன்னும் அந்தக் காவலை விடவில்லை. 'பயப்படாதே' என்று புத்தி சொன்னால் அதற்குக் கேட்காது. படபடப்பு வந்ததும் இரு பாதங்களையும் நிலத்தில் பதியுங்கள். 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெல்ல விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். வெளிமூச்சு நீண்டால் இதயத்துடிப்புத் தணியும். பயம் வந்த நேரம் மட்டும் செய்துபார்த்து, 'சரிவரேல்லை' என்று விட்டவர்கள்தான் அதிகம். ஆறுதலான நேரத்தில் காலையும் மாலையும் பழகியிருந்தால்தான் அவசரத்துக்குக் கைகொடுக்கும்.

கணவரிடம், சண்டையில்லாத ஒரு பொழுதில் சொல்லிவையுங்கள்: "சத்தம் கூடினால் எனக்குக் கதை வராது. இருபது நிமிடத்தால் வந்து கதைக்கிறேன்." சொன்னபடி திரும்பி வரவேண்டும். வராவிட்டால் அதுவும் பின்வளவுக்கு ஓடுவதுதான்.

இனிக் கடன். நீங்கள் கட்டும்வரை கசிப்பு விற்பவருக்கு அப்பா நல்ல வாடிக்கையாளர். 'இன்ன திகதிக்குப் பிறகு நான் பொறுப்பில்லை' என்று அப்பாவிடமும் கடைக்காரரிடமும் ஒருதரம் சொல்லிவிடுங்கள். அம்மாவுக்கு அரிசி, சாமான், மருந்து வாங்கிக் கொடுங்கள், காசாகக் கொடுக்காதீர்கள். முதல் சில வாரம் நிலைமை மோசமாகும்: கத்துவார், அழுவார், 'பெத்த தகப்பனைக் கைவிட்டிட்டாள்' என்று சொந்தக்காரர் வருவார்கள். அந்த நேரம் இரங்கி ஒருமுறை கட்டினால், எத்தனை நாள் கத்தினால் காசு வரும் என்று அப்பா படித்துக்கொள்வார். போரில் இழந்ததை நினைத்துக் குடிப்பவர்கள் வன்னியில் உண்டு. அவர்களுக்காக இரங்கலாம், கடன் கட்டத் தேவையில்லை.

அம்மாவுக்கு இன்னமும் அடி விழுகிறதென்றால், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

மாதக்கணக்கில் நித்திரை குழம்பினால், சாகலாம்போல் இருந்தால், மூச்சுப் பயிற்சியோடு நிற்காதீர்கள். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது உளநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.

கேள்வி: நாளும் குடிக்கும் அண்ணரை அறையில் பூட்டிவைத்தால் குடியை விடுவாரா?
- வாசகர், மல்லாவி

பதில்: பூட்டாதீர்கள், உயிராபத்து. பல வருடம் நாளும் குடித்தவர் சடுதியாக நிறுத்தினால் முதல் நாளுக்குள்ளேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலர் ஆள் தெரியாமல் பிதற்றுவார்கள், இல்லாததைக் காண்பார்கள். நிறுத்துவதை வைத்தியசாலையில் வைத்தே தொடங்குங்கள்; நடுக்கத்துக்கு மருந்தும் விற்றமின் பி1உம் அங்கே கொடுப்பார்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதை வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். மருந்தின் அளவைத் தீர்மானிக்க வைத்தியருக்கு அது வேண்டும்.