தெரிந்தே வாதாடலாமா?

கேள்வி: ஒரு சட்டத் திரில்லர் படித்தேன். மனைவி தூக்கில் தொங்குகிறாள். கொன்றது தான்தான் என்று கணவன் தன் வக்கீலிடம் ஒப்புக்கொள்கிறான். அப்படியும் அவர், தற்கொலையாக இருக்கலாம், இல்லாவிட்டால் வேலைக்காரப் பெண் செய்திருக்கலாம் என்று வாதாடி விடுதலை வாங்கித் தருகிறார். இந்த வக்கீலும் கொலைகாரர்தானே?

பதில்: இல்லை. அந்த நாவலை நானும் படித்தேன். வக்கீல் தப்பு செய்தார், ஆனால் நீங்கள் சொல்லும் இடத்தில் அல்ல.

1840இல் லண்டனில் இப்படி ஒரு சிக்கல் நிஜமாகவே வந்தது. வில்லியம் ரஸ்ஸல் பிரபு படுக்கையில் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பணியாள் கூர்வாசியே மீது வழக்கு. விசாரணை நடக்கும்போதே, களவுபோன வெள்ளிச் சாமான்கள் அவன் ஒப்படைத்து வைத்திருந்த ஹோட்டலிலிருந்து வந்து சேர்ந்தன. ஆடிப்போனவன் தன் வக்கீல் சார்லஸ் பிலிப்ஸிடம் கொலையை ஒப்புக்கொண்டான்; ஆனாலும் கடைசிவரை எனக்காக வாதாடுங்கள் என்றான். விலகிவிட நினைத்த பிலிப்ஸ், நீதிபதி பார்க்கிடம் யோசனை கேட்டார். கட்சிக்காரன் விரும்பினால் வாதாடத்தான் வேண்டும், சாட்சியத்திலிருந்து எழும் நியாயமான வாதங்களை எல்லாம் வைக்கலாம் என்றார் அவர். கூர்வாசியேவுக்குத் தூக்கு விழுந்தது. பிலிப்ஸையும் ஊர் சும்மா விடவில்லை. வீட்டுப் பணிப்பெண் மீது சந்தேகம் விழும்படி பேசினார் என்பது பெரிய குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்தார்.

வக்கீல் எதுவரை போகலாம் என்ற கோடு அங்கேதான் இருக்கிறது: சாட்சியத்தைத் துருவலாம், அப்பாவி மீது பழி போடக் கூடாது. சந்தேக மரணத்தில், நடந்தது கொலைதானா என்பதே முதல் கேள்வி. தூக்கு மாட்டிக்கொண்டால் கயிற்றின் தடம் பெரும்பாலும் கழுத்தின் மேற்புறத்தில் சாய்வாக, ஒரு பக்கம் விட்டுப்போய் இருக்கும். கயிற்றால் நெரித்தால் பெரும்பாலும் கீழே, கிடைமட்டமாகக் கழுத்தைச் சுற்றி ஓடும். டாக்டரைக் கூண்டில் நிறுத்தி அந்தத் தடத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பது எதிர்த்தரப்பு வக்கீலின் வேலை. பதில் சொல்ல முடியாமல் அரசுத் தரப்பு திணறினால், அது அவர்கள் வழக்கைத் தயார் செய்த லட்சணம்.

இது குற்றவாளிக்குக் காட்டும் சலுகை என்று நினைக்காதீர்கள். பிரிந்துபோன இளம் மனைவி குண்டு பாய்ந்து இறந்த வழக்கில், துப்பாக்கி தவறுதலாக வெடித்தது என்றான் வூல்மிங்டன் என்ற இளைஞன். அதை நீயே நிரூபி என்ற ரீதியில் நீதிபதி ஜூரிகளுக்கு விளக்க, மரண தண்டனை கிடைத்தது. அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1935இல் அதை ரத்து செய்தது. குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அரசுத் தரப்புக்கே என்றது. அந்த விதி இல்லாவிட்டால், வீட்டில் ஒரு சாவு விழுந்த அன்றே நீங்களும் நானும் கைதிதான்.

சரி, உங்கள் நாவல் வக்கீலின் தப்பு எது? கொன்றவன் யார் என்று தெரிந்துகொண்டே, ஒரு பாவமும் அறியாத பெண்ணை நோக்கிக் கை நீட்டினாரே, அது. நாவலாசிரியர் அதைச் சாமர்த்தியமாகக் கொண்டாடுகிறார். தீர்ப்புக்குப் பிறகு அவள் கதி என்ன ஆனது என்று ஒரு வரி எழுதவில்லை. கோபப்பட வேண்டுமானால் அதற்குக் கோபப்படுங்கள்.