கிரைம்ஸும் ஷிபுவும்

அன்புள்ள அண்ணனுக்கு,

கம்பஸ் லீவில் களுவாஞ்சிகுடி வீட்டில் நிற்கிறேன். 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரின் பழைய சீசன்களை இரவிரவாகப் பார்த்து முடித்தேன். மோனோரெயில் கதைக்கு வயிறு நோகச் சிரித்தேன். கடைக்குட்டி மேகி பிறந்த கதையில் தகப்பன் ஹோமர் வேலைத்தலத்துச் சுவர் முழுக்கப் பிள்ளையின் படங்களை ஒட்டி வைத்திருக்கிற கடைசிக் காட்சியில் அழுகை வந்துவிட்டது. ஆனால் 'ஹோமர்ஸ் எனமி' (ஹோமரின் எதிரி) என்ற கதை எனக்குப் பிடிக்கவே இல்லை. ஃப்ராங்க் கிரைம்ஸ் என்ன பிழை செய்தான்? கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவன். அவனைச் சாகடித்துவிட்டு, அவனை அடக்கம் செய்கிற இடத்தில் எல்லாரும் சிரிப்பது என்ன நகைச்சுவை? எழுதியவருக்கு மனமே இல்லையா?

அதற்கு நேர்மாறாக 'மின்னல் முரளி'. வில்லன் ஷிபுவையும் மனிதனாகப் பார்க்கிற மலையாள சூப்பர் ஹீரோ படம். இது புதுமை என்று நினைக்கிறேன். குறை என்றால் ஹீரோ ஜெய்சன்தான். ஷிபுவுக்குப் பக்கத்தில் அவன் விளையாட்டுப் பெடியன் மாதிரித் தெரிகிறான். ஷிபுவே வென்றிருக்கலாம் என்று கூடத் தோன்றியது. சிம்ப்சன்ஸ் எழுதியவர்கள் இந்தப் படத்திடம் இரக்கம் என்றால் என்ன என்று படிக்க வேண்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இன்னொன்று. அக்காவின் மகனுக்கு எட்டு வயது. இரண்டையும் காட்டச் சொல்லி நச்சரிக்கிறான். காட்டலாமா?

ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி

*

அன்புள்ள தம்பி,

உங்கள் தீர்ப்பைத் தலைகீழாகப் புரட்டிப்போட ஆசைப்படுகிறேன். ஷிபு மேல் அவ்வளவு இரக்கம் காட்டுகிற படம், அவனை அப்படி ஆக்கிய ஊரை ஒரு கேள்வியும் கேட்காமல் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. நீங்கள் மனமில்லாதது என்று திட்டுகிற கார்ட்டூன் தன் ஊரைத் தப்ப விடவில்லை.

முதலில் கிரைம்ஸ். 1997இல் வந்த கதை, எழுதியவர் ஜோன் ஸ்வார்ட்ஸ்வெல்டர். நாலு வயதில் பெற்றோர் கைவிட்ட பிள்ளை. பள்ளிக்கூடம் போகக் கிடைக்கவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பார்த்தவன். பதினெட்டாவது பிறந்தநாளில் ஒரு வெடிவிபத்தில் சிக்கி, மெல்ல மெல்லத் தேறி, தபால் மூலம் படித்து அணுமின் நிலையத்துக்கு வேலைக்கு வருகிறான். அங்கே ஹோமர் அவனுடைய பென்சிலை எடுத்துக் கடித்துக்கொண்டிருக்கிறான். இந்தப் பென்சிலைக் கவனித்தீர்களா? கிரைம்ஸ் பெயர் போட்டு வைத்திருக்கிற பென்சில். அவனுக்கென்று உலகத்தில் இருக்கிற சொத்தே அவ்வளவுதான் போல இருக்கும்.

மறுகா, ஹோமர் அவனைச் சமாதானப்படுத்த வீட்டுக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறான். பெரிய வீடு, மேசையில் சிங்க இறால், சுவரில் ஹோமர் விண்வெளிக்குப் போன படம். கிரைம்ஸ் இருப்பதோ ஒரு பௌலிங் கூடத்துக்கு மேலே, இன்னொரு பௌலிங் கூடத்துக்குக் கீழே. அன்றைக்கு அவனுக்குத் தலை சுற்றத் தொடங்குகிறது.

சிட்கொம் என்கிற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் வடிவத்துக்கு ஒரு சட்டம் உண்டு: இந்தக் கிழமை என்ன நடந்தாலும் அடுத்த கிழமை எல்லாரும் பழையபடி சோபாவில் இருப்பார்கள். ஹோமரின் மகன் பார்ட்டுக்கு 1989இலும் பத்து வயது, இப்போதும் பத்து வயது. ஹோமர் என்ன அழிச்சாட்டியம் செய்தாலும் வேலை போகாது, வீடு போகாது, மனைவி மார்ஜும் போகமாட்டாள். அவர்களுடைய ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் எல்லாருக்கும் தெரிந்த இந்தச் சட்டம் வெளியில் இருந்து வந்த கிரைம்ஸுக்கு மட்டும் தெரியாது. உழைத்தால் கூலி, பிழை செய்தால் தண்டனை என்று நம்மைப் போல நினைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். கடைசியில் ஹோமர் மாதிரி நானும் இருக்கிறேன் பார் என்று கத்திக்கொண்டு, கையுறை இல்லாமல் கரன்ட் கம்பியைப் பிடித்துச் சாகிறான்.

நீங்கள் கோபப்பட்ட அந்த இறுதிக் காட்சிக்கு வருவோம். ஹோமர் அவனை 'கிரைமி' என்று கூப்பிடுவதும், அது அவனுக்கு அடியோடு பிடிக்காததும் உங்களுக்கு நினைவிருக்கும். பாதிரியார் பிரசங்கத்தில் என்ன சொல்கிறார்? 'கிரைமி' என்று அழைக்கப்படுவதையே இவர் விரும்பினார் என்கிறார். செத்தவனுடைய பெயரையும் ஊர் எடுத்துக்கொண்டது. அடுத்ததாக ஹோமர் நித்திரையில் ஏதோ உளறுகிறான், சவப்பெட்டி இறங்க இறங்க ஊரே சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு உங்களுக்குச் சுட்டிருக்கிறது. சுட வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். எட்டு சீசனாக ஹோமரோடு சேர்ந்து சிரித்தவர்களில் நீங்களும் உண்டு, நானும் உண்டு. எழுதியவருக்கு மனமில்லை என்கிறீர்கள். மனமில்லாத எழுத்தாளர் அந்தப் பென்சிலை எழுதமாட்டார்.

உங்களைச் சிரிக்க வைத்த மோனோரெயில் கதையிலும் இதே ஊர்தான். 1993இல் கொனன் ஓ'பிரையன் எழுதியது. ஊருக்கு முப்பது லட்சம் டொலர் கிடைக்கிறது. குண்டும் குழியுமான பெருந்தெருவைத் திருத்துவோம் என்று மார்ஜ் சொல்கிறாள். வாய்ப்பேச்சுக்காரன் ஒருவன் பாட்டுப் பாடியே மோனோரெயிலை விற்றுவிட்டுப் போகிறான். (ரோட்டில் பள்ளம் கிடக்க, அதன் தொடக்கத்தில் வரவேற்பு வளைவு கட்டுகிற ஊர்களில் இருக்கிற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.) அத்தோடாவது ஊர் திருந்துகிறதா? முடிவில் எங்கும் போய்ச் சேராத எஸ்கலேட்டர் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். மேகி கதை பற்றி நீங்கள் சொன்னதற்கு மேலே நான் சொல்ல ஒன்றும் இல்லை. அங்கே அழாதவரோடு எனக்குக் கதை இல்லை.

சரி, 'மின்னல் முரளி'. 2021 நத்தாருக்கு முதல் நாள் நெட்ஃபிளிக்ஸில் வந்த படம், இயக்கம் பசில் ஜோசப். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிற ஊரில் ஒரு சூப்பர் ஹீரோவை நம்ப வைத்தது பெரிய காரியம். ஷிபுவாக வருகிற குரு சோமசுந்தரம் தமிழ்நாட்டுக்காரர், சென்னை நாடகக்குழுவான கூத்துப்பட்டறையில் பழகியவர், 2016இல் 'ஜோக்கர்' படத்தின் நாயகன். ஷிபு காதலிக்கிற உஷா தன்னிடம் வந்துவிட்டாள் என்று தெரிகிற இடத்தில் கமரா அவர் முகத்தை விட்டு நகரவே இல்லை. சிரிப்பு வருகிறது, அது அழுகையாகிறது, திரும்பவும் சிரிப்பாகிறது. இவ்வளவு காலம் காத்திருந்ததை எந்த முகத்தோடு சொல்வது என்று அந்த மனிதனுக்கே தெரியவில்லை. நான் அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

வில்லனை மனிதனாகப் பார்ப்பது புதுமை என்றீர்கள். சூப்பர் ஹீரோ படத்துக்குள் வேண்டுமானால் இருக்கலாம். மட்டக்களப்பில் இருந்துகொண்டு அதைச் சொல்லாதீர்கள் தம்பி. 1960களிலேயே பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் 'இராவணேசன்' கூத்தை மேடையேற்றிவிட்டார், எழுதி ஆடியவர் நம்முடைய மௌனகுரு. இராவணன் அழுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன சனம் நாங்கள்.

எனக்கு இடறுவது வேறு இடத்தில். உஷாவின் மகளுடைய சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்றுதான் ஷிபு வங்கியில் கை வைக்கிறான். அதற்கு முன்பே ஊர் அவனைப் பைத்தியம் என்று ஒதுக்கி வைத்திருந்தது. பிறகு கூட்டமாக வந்து தீ வைக்கிறார்கள், அந்தத் தீயில் உஷா போய்விடுகிறாள். அதற்குப் பிறகு ஷிபு ஊரை எரிக்கக் கிளம்புகிறான். உடனே தீ வைத்த கூட்டம் காப்பாற்றப்பட வேண்டிய அப்பாவிக் கூட்டமாக மாறிவிடுகிறது. ஜெய்சன் காப்பாற்றுகிறான், ஊர் கைதட்டுகிறது. நாங்கள் ஒருத்தியைக் கொன்றுவிட்டோமே என்று யாராவது ஒருவர் தலையைக் குனிந்திருக்கலாம்.

நீதி கெட்ட ஊரை எரித்த ஒருத்தியை நமக்கும் தெரியும். காரைதீவிலும் செட்டிபாளையத்திலும் வைகாசியில் கண்ணகை அம்மனுக்குத் திருக்குளிர்த்தி பாடுகிறோமே, எதற்கு? மதுரையை எரித்தவளின் சூட்டை ஆற்றுவதற்கு. அவளை வில்லி என்று எவரும் சொன்னதில்லை, ஏனென்றால் ஊர் எரிவதற்கு முன்னாலேயே வழக்குரையில் தீர்ப்பாகிவிட்டது. பாண்டியன் தன் பிழையை ஒப்புக்கொண்டு அந்த இடத்திலேயே உயிரை விட்டுவிட்டான். 'மின்னல் முரளி'யில் பாண்டியன் இல்லை. ஸ்பிரிங்ஃபீல்டிலும் இல்லைதான், ஆனால் இல்லை என்பதை அந்தக் கதை மறைக்கவில்லை. குழிக்குப் பக்கத்தில் நிறுத்திச் சிரிக்க வைத்துக் காட்டுகிறது.

அதற்காக ஷிபு வென்றிருக்க வேண்டும் என்பதோடு நான் உடன்படமாட்டேன். கண்ணகி தீயை ஏவும்போது முதியவர்களையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொன்னாள். ஷிபு அப்படி ஆள் பார்க்கவில்லை. ஜெய்சன் விளையாட்டுப் பெடியன் என்பதும் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. தையல் கடையை விட்டுவிட்டு அமெரிக்காவுக்கு ஓடக் காத்திருந்தவன் அவன். கனமான ஆளாக இருந்திருந்தால் அவன் ஊருக்காக நிற்பதில் நமக்கு ஆச்சரியம் என்ன இருக்கும்?

மருமகன் விஷயம். மோனோரெயிலில் இருந்து தொடங்குங்கள். 'மின்னல் முரளி'யையும் காட்டலாம், தமிழ்க் குரலில் இருக்கிறது. ஜெய்சனுக்குச் சக்தி வந்துவிட்டதா என்று சோதித்துப் பார்க்கிற அந்தச் சின்னப் பெடியனை அவனுக்கு நல்லாப் பிடிக்கும். தீ வைக்கிற இடம் வரும்போது பக்கத்தில் இருங்கள், கேள்வி கேட்பான். 'ஹோமர்ஸ் எனமி' இப்போதைக்கு வேண்டாம். அவன் இன்னும் சில வருடம் ஹோமரோடு சேர்ந்து சிரிக்கட்டும், அதற்குப் பிறகு போட்டுக் காட்டுங்கள்.