சிவப்புத் தரை, ஒரே ஜன்னல்: ஹாலுக்குப் பச்சை அடிக்கலாமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பழைய ஓட்டு வீடு. ஹாலுக்கு ரொம்ப வெளிறாத, ரொம்ப அடர்த்தியும் இல்லாத பச்சை அடிக்க ஆசை. தரை சிவப்பு ஆக்சைடு, கதவெல்லாம் தேக்கு. வயல் பக்கம் ஒரே ஜன்னல். 'ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும்' என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?"

தாராளமாக அடிக்கலாம். ஆனால் ஷேட் கார்டில் கண்ணைப் பறிக்கிற பச்சையை வாங்காதீர்கள். சாம்பல் கலந்த, கார்டில் பார்க்கக் கொஞ்சம் சோகையாகத் தெரிகிற பச்சையை எடுங்கள். காரணம் உங்கள் தரை. சிவப்பும் பச்சையும் எதிரெதிர் நிறங்கள்; பக்கத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். கார்டில் சாதுவாக இருந்தது நாலு சுவரிலும் ஏறியதும் கிளிப்பச்சையாகக் கத்தும். ஜன்னலும் அதோடு சேர்ந்துகொள்ளும். கார்த்திகையில் சம்பாப் பயிர் மேல் பட்டு உள்ளே வரும் வெளிச்சத்திலேயே பச்சை இருக்கும். தை அறுவடை முடிந்து வெறும் தாள் நிற்கும்போது அதே சுவர் பழுப்பேறித் தெரியும்.

அதனால் சின்ன டின் ஒன்று வாங்கி, சார்ட் அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். அட்டையைத் தரையை ஒட்டி ஒரு நாள், ஜன்னலுக்கு எதிரே ஒரு நாள், இருட்டு மூலையில் ஒரு நாள் சாத்தி வையுங்கள். காலையிலும் பாருங்கள், விளக்கு போட்ட பிறகும் பாருங்கள். ஷேட் எண்ணோடு எல்.ஆர்.வி. என்று ஒரு எண் இருக்கும். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பதை 0 முதல் 100 வரை சொல்வது. ஒரே ஜன்னல் உள்ள ஹாலுக்கு 40-க்குக் கீழே நான் போகமாட்டேன்.

மாமியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் களை வருவது நீலம் கலந்த வெளிர்பச்சை, பளபளக்கும் எனாமல், 6500 கெல்வின் வெள்ளை விளக்கு மூன்றும் சேரும்போதுதான். நீங்கள் பளபளப்பில்லாத எமல்ஷன் அடித்து, 3000 கெல்வின் பல்பு போடுங்கள். தேக்கும் பித்தளைக் குத்துவிளக்கும் அந்த மஞ்சள் வெளிச்சத்தில் தனி அழகு.

நிறத்தைவிட எனக்குக் கவலை ஓதம்தான். வாய்க்கால் பாயும் ஊர், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி ஈரம் ஏறியிருக்கும். வெள்ளைச் சுவரில் உப்புப் பூத்தால் சட்டென்று தெரியாது. பச்சையில் திருநீறு பூசியது போல் நிற்கும். ஒரு அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரியுங்கள். சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால், சுவரைச் சமன்செய்யப் பூசும் பட்டியும் எமல்ஷனும் வேண்டாம். ஈரத்தை உள்ளேயே அடைத்துவிட்டு அப்புறம் தோல் தோலாக உரியும். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புதான் சரி. அதில் கலக்கக் குரோமியம் ஆக்சைடு பச்சைப் பொடி கேளுங்கள். சுண்ணாம்பின் காரத்துக்கு அது வெளுக்காது, நிறமும் நீங்கள் கேட்கிற அந்த மங்கல் பச்சைதான்.

ஐப்பசி மழையில் ஆளைக் கூப்பிடாதீர்கள். சுவர் காய்ந்த மாசி, பங்குனியில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். "தீபாவளிக்குள்ள முடிச்சிடலாம்மா" என்று பெயின்டர் சொல்வார். அவருக்கு ஒரு காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.